சத்தமில்லாத வண்டியில் ஒரு சுற்று

சாவி என் கைக்கு வருவதற்கு முன்பே ரீட்டா பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

திண்டுக்கல்லில், வத்தலக்குண்டு சாலையில் இருக்கும் ஷோரூம் அது. வாசலில் நடு ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த புது மோட்டார் சைக்கிளின் மேல் காலை வெயில் விழுந்து, குரோமியம் கண்ணைக் கூசவைத்தது. அதன்மேல் ஒருபக்கமாக உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதுபோல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள் என் மனைவி.

"மேடம், சார் முதல்ல தனியா ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டுமே. வண்டி பழகிரும்" என்றார் ஷோரூம் மேலாளர் கவிதா.

"அவரு ஓட்டுறது எனக்குப் பழகினதுதாம்மா. இந்த சீட்டுதான் பழகல. அதைப் பாக்கத்தான் நான் வந்தேன்."

"ஸ்டாண்டை எடுக்கணும் மேடம். செத்த நேரம் இறங்குங்க."

ரீட்டா இறங்கினாள். ஆனால் ஒரு கையை இருக்கையின் மேலேயே வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பவர்களின் முகம் அப்போது அவளுக்கு இருந்தது.

கவிதாவை எனக்கு முன்பே தெரியும். ரெட்டியார்சத்திரம் பக்கம் அவருடைய அப்பாவின் தோட்டத்தை ஒருமுறை அளந்திருக்கிறேன். நான் அரசாங்க சர்வேயர். ஒரு நிலத்தை நான் அளந்தால் ஒருவர் என்னோடு பேசுவதை நிறுத்துவார். சரியாக அளந்தால் இருவர்.

"அப்பா நல்லா இருக்காராம்மா?"

"நல்லா இருக்காரு சார். உங்களைத் திட்டும்போது மூச்சே வாங்குறதில்ல."

ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார் என்று நிம்மதியாக இருந்தது.

நரையோடு பிறந்தது

இந்த வகை வண்டிக்கு இப்போது ரெட்ரோ என்று பெயர். வட்டமான முகப்பு விளக்கு, நீர்த்துளி வடிவத்தில் பெட்ரோல் டேங்க், தையல் போட்ட பழுப்பு இருக்கை என்று எல்லாம் அந்தக் காலத்து அமைப்பு. உள்ளே இருப்பதெல்லாம் இந்தக் காலத்துச் சரக்கு. இருபத்தைந்து வயது இளைஞன் தலைக்கு வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு, பஸ்ஸில் முதியோர் இருக்கையில் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது எனக்கு.

என்னுடைய வண்டிக்கு வேஷம் தேவைப்பட்டதில்லை. என்னிடம் வரும்போதே அது ஒரு எஸ்டேட் மேலாளரிடம் வேலைபார்த்து ஓய்வுபெற்றிருந்தது. ஓய்வுக்குப் பிறகு என்னிடம் இருபத்தாறு வருடம் உழைத்தது. எங்கள் அலுவலக வளாகத்தில் அது நிற்கும் இடத்தை இன்றுவரை யாரும் ஆக்கிரமித்ததில்லை. அங்கே அது சொட்டிய எண்ணெய்தான் எல்லைக்கல். திண்டுக்கல் வட்டாரத்தில் நான் நட்ட கற்களில் தகராறே வராத ஒரே கல் அதுதான்.

அதன் வேகமானி முள் இருபதுக்கும் அறுபதுக்கும் நடுவில் எதையோ மறுப்பதுபோலத் தலையாட்டிக்கொண்டே இருக்கும். புது வண்டியின் வட்ட மீட்டருக்குள் இன்னொரு குட்டித் திரை இருந்தது. எந்த கியரில் போகிறோம் என்பதை அது எண்ணாகக் காட்டியது. போனை இணைக்கவா என்று கேட்டது. என் வண்டி இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

பெரிய வித்தியாசம் சத்தத்தில். ஆத்தூர் பக்கம் அளவைக்குக் கிளம்பினால், நான் போய்ச் சேருவதற்குப் பத்து நிமிடம் முன்பாகவே என் வண்டிச் சத்தம் போய்ச் சேர்ந்துவிடும். வரப்பை நகர்த்தியவர்கள் அதைப் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்துவிட்டு, இளநீர் வெட்டிக் காத்திருப்பார்கள். என் பணிப்பதிவேட்டில் உள்ள நற்பெயரில் பாதி அந்தச் சைலன்சருக்குச் சேரவேண்டியது.

கவிதா பட்டனை அழுத்தினார். புது வண்டி, பெரியவர்கள் இருக்கும் சபையில் ஒருவர் மரியாதையாகத் தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம் எழுப்பிவிட்டு அடங்கி ஓடியது.

"ஓடுதா?" என்றேன்.

"ஓடுது சார்."

முட்டி சொன்ன தீர்ப்பு

வண்டி மாற்ற வேண்டும் என்று எனக்கு ஆசை எதுவும் இல்லை. என் வலது முட்டிக்குத்தான் இருந்தது.

பழைய வண்டியை உதைத்துக் கிளப்புவது ஒரு சடங்கு. சின்ன லீவரை இழுத்துப் பிடித்து, கிக்கரை மெதுவாக அழுத்தி, மீட்டரில் ஒரு முள் நடுவுக்கு வரும்வரை பார்த்திருந்து, அதன்பிறகு முழு உடம்பையும் அதன்மேல் இறக்க வேண்டும். முள் நடுவுக்கு வருவதற்கு முன் அவசரப்பட்டால் வண்டி திருப்பி உதைக்கும். இருபத்தாறு வருடத்தில் நான் அவசரப்பட்டது நான்கைந்து முறைதான். கடைசி முறை, முட்டிக்குள் துணி கிழிவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

"விளையாட்டுல அடிபட்டதா?" என்று கேட்டார் எலும்பு மருத்துவர், படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு. என் தொப்பையைப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியை அவரே வாபஸ் வாங்கிக்கொண்டார்.

இனி எதையும் உதைக்கக் கூடாது என்பது தீர்ப்பு. மிச்சம் இருந்தவை இரண்டு வழிகள். ஒன்று, பட்டன் வைத்த மோட்டார் சைக்கிள். இன்னொன்று, எங்கள் வீட்டுக் கொட்டகையில் உறை போட்டு நிற்கும் ரீட்டாவின் ஸ்கூட்டர். அவள் அதை ஓட்டுவதை நிறுத்தி நாலைந்து வருடம் இருக்கும். பாதாளச் சாக்கடைக்காக ரோட்டைத் தோண்டிப்போட்ட சமயம் அது. பயந்து நிறுத்திவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

இடது கால், வலது கால்

"ஆத்தூர் பிரிவு வரைக்கும் போய்ட்டு வாங்க சார். கியரு இடது கால், பிரேக்கு வலது கால். மறந்துறாதீங்க" என்றார் கவிதா.

இதை ஏன் அழுத்திச் சொன்னார் என்றால், என்னுடைய பழைய வண்டியில் எல்லாம் நேர்மாறு. அதில் வலது கால் கியர், இடது கால் பிரேக். என் இடது கால் இருபத்தாறு வருடமாக நிறுத்தும் வேலை மட்டுமே பார்த்தது. அதனிடம் போய் இனிமேல் நீ கியர் மாற்று என்றால் கேட்குமா? அரசாங்க ஊழியரின் கால்.

நகரத்தைத் தாண்டும்வரை கால்கள் பொறுப்பாக நடந்துகொண்டன. தென்னந்தோப்புகள் ஆரம்பித்த இடத்தில் இருபது முப்பது ஆடுகள் சாலைக்குள் இறங்கின. நான் நிதானமாக இடது காலை அழுத்தினேன்.

பிரேக் பிடிப்பதற்குப் பதிலாக வண்டி ஒரு கியர் இறங்கி உறுமியது. பயத்தில் மறுபடி அழுத்தினேன். இன்னொரு கியர் இறங்கியது. வண்டி முன்னும் பின்னும் உதறியதில் ரீட்டாவின் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் மோதி, தேங்காய் உடைத்த சத்தம் கேட்டது. கடைசியில் கைப்பிரேக்கைப் பிடித்து, நடு ஆட்டு மந்தையில் நின்றோம்.

ஆடு மேய்த்த அம்மா எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"அப்பு, வண்டி புதுசா, ஆளு புதுசா?"

"கால் பழசும்மா" என்றேன்.

"பாத்துப் போப்பு. பொம்பளையைப் பின்னால வச்சுக்கிட்டு..." என்று சொல்லிவிட்டு, ரீட்டாவைப் பார்த்து உச்சுக்கொட்டினார். ரீட்டாவும் பதிலுக்குத் தலையை ஆட்டினாள். அறிமுகமே இல்லாத இரண்டு பெண்கள் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வர ஐந்து நொடி போதுமானதாக இருந்தது.

மூன்றாவது கியருக்குப் பிறகு

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் வீட்டில் என் அம்மா, இரண்டு தம்பிகள், ஒரு தங்கை, வந்தால் போகத் தெரியாத ஒரு மாமா. அந்த வீட்டில் ஒருத்தி தனியாக நின்று முணுமுணுக்க வேண்டும் என்றால் கிணற்றடிக்குத்தான் போகவேண்டும். அங்கே மாமா பல் விளக்கிக்கொண்டிருப்பார்.

அதனால் ரீட்டாவுக்கு வாய்த்த ஒரே தனியிடம் என் வண்டியின் பின் இருக்கை. வண்டி மூன்றாவது கியருக்குப் போனதும் என் முதுகுக்குப் பின்னால் அவள் ஏதோ பேசத் தொடங்குவது தெரியும். அந்தச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் காதில் விழாது. "என்ன?" என்று கத்துவேன். "ஒண்ணுமில்ல, ரோட்டைப் பாருங்க" என்பாள். ஜெபமாலை சொல்கிறாள் என்று முடிவு செய்துகொண்டேன். வீட்டுக் கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்து, மகளும் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய், நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சிய பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை.

ஆடுகளைத் தாண்டிப் புது வண்டி மூன்றாவது கியருக்குப் போனது. குட்டித் திரையில் 3 என்று விழுந்தது.

"மாதாவே" என்றாள் ரீட்டா, தெளிவாக, என் வலது காதுக்குப் பின்னால். "சீட்டு நல்லாத்தான் இருக்கு. இடுப்புல குத்தல. ஆனா இந்த மனுசன் பிரேக்கைத் தேடி முடிக்கிறதுக்குள்ள நான் உங்ககிட்டயே வந்து சேந்துருவேன் போலருக்கு."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். இப்படி ஒரு வானொலி நிலையம் என் முதுகுக்குப் பின்னால் இத்தனை வருடம் ஓடியிருக்கிறது. கேட்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த நிகழ்ச்சியைக் கேட்கும் ஆசை.

"திங்கக்கிழமைக்குள்ள எழுதிக் குடுக்கணும் மாதாவே. வத்தலக்குண்டு ஸ்கூலுக்கு ஹெச்.எம்.மாப் போறியா மாட்டியான்னு சிஸ்டர் ரெண்டு தடவை கேட்டுட்டாங்க. நான் என்னத்தை எழுதுறது?"

ரீட்டா கணக்கு டீச்சர். கன்னியர்கள் நடத்தும் பள்ளியில் இருபத்திரண்டு வருடம். அவர்களுக்கு வத்தலக்குண்டிலும் ஒரு பள்ளி இருக்கிறது. அங்கே தலைமை ஆசிரியை இடம் காலியாக இருப்பது எனக்குத் தெரியாது. அது இவளைத் தேடி வந்ததும் தெரியாது. நான் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் குறைத்தேன்.

"பஸ்ல போய்க்கிருவேன், அது ஒண்ணும் பெரிசில்ல. பிள்ளைகளையும் சமாளிச்சுருவேன். இவரு இருக்காரே, இவர்ட்ட சொன்ன மறுநாளே எழுத உக்காந்துருவாரு. ஹெச்.எம். அம்மா பஸ்ஸை விட்டாங்க, பெல்லை மாத்தி அடிச்சாங்கன்னு. ஸ்கூட்டரைப் பத்தி எழுதுனப்ப ஸ்டாஃப் ரூம்ல சத்தம் போட்டு வாசிச்சாங்க மாதாவே. நானும் சேந்து சிரிச்சேன், வேற என்ன செய்யிறது? மறுநாள் எட்டாங்கிளாஸ் பிள்ளைக கேட்டுப்பக்கம் நின்னுக்கிட்டு ‘சாரி தூணு’ன்னுச்சுக. அதோட அந்த வண்டியை நான் தொடல. ஒரு ஹெச்.எம்.மைப் பாத்து அப்பிடிச் சொன்னா அந்தம்மா எப்பிடி ஸ்கூலை நடத்தும்? மாட்டேன்னே எழுதிக் குடுத்துர்றேன்."

பத்திரிகையில் நான் எழுதிவரும் இதே தொடரில்தான் அதை எழுதினேன். ரீட்டா பள்ளி மைதானத்தில் ஸ்கூட்டர் கற்றுக்கொண்டது, கூடைப்பந்துத் தூணில் மோதியது, மோதிய பதற்றத்தில் தூணிடம் சாரி சொன்னது. நிறைய கடிதங்கள் வந்தன. இந்தத் தொடரிலேயே சிறந்தது அதுதான் என்று பலர் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதங்களை ரீட்டாவிடம்தான் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன்.

வண்டி ஒரு மாதிரி உதறத் தொடங்கியது. நான்காவது கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்பதற்கு ஏற்ற வேகம், எஞ்சினுக்கு ஏற்றதல்ல.

"ஏங்க, ஏன் இம்புட்டு மெதுவாப் போறீங்க?"

தோப்புக்குள் யாரோ மட்டை வெட்டும் சத்தம் துல்லியமாகக் கேட்டது. அது கேட்டதில் அவளுக்கும் விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

"ஏங்க."

"ம்."

"கேட்டுச்சா?"

"எது?" என்றேன்.

"சரி, கேட்டுருக்கு" என்றாள்.

ஆத்தூர் பிரிவு

பிரிவில் ஒரு டீக்கடை. வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினோம். ரீட்டா என்னைப் பார்க்காமல், சாலைக்கு அந்தப் பக்கம் கத்தரிச்செடிக்கு மருந்தடிப்பவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு கணவன் ஒழுங்காக ஒரு வாக்கியம் பேசவேண்டிய நேரம் அது. எனக்கும் தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

"ஹெச்.எம். அம்மாவுக்கு டீயா, காபியா?"

ரீட்டா திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. விடை தப்பாகத்தான் வரும் என்று தெரிந்தே ஒரு மாணவனைக் கரும்பலகைக்கு அழைத்த டீச்சரின் முகம்.

"பாத்தீங்களா?" என்றாள்.

பார்த்தேன். டீ வந்தது.

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?" என்றேன் கொஞ்சம் பொறுத்து.

"எப்ப? வண்டியில சொன்னா கேக்காது. வீட்டுல சொன்னா எழுதுவீங்க."

"இனிமே உன்னைப் பத்தி எழுத மாட்டேன்."

அவள் டீயைக் குடித்தாள். அந்த வாக்குறுதி எங்கள் நடுவில், யாரும் தொடாத வடைபோலத் தட்டில் கிடந்தது.

திரும்பும் வழி

திரும்பும்போது முதல் இரண்டு கியரிலும் மௌனம். மூன்றாவது விழுந்ததும் சத்தம் வந்தது. இந்த முறை கொஞ்சம் உரக்கவே.

"மாதாவே, இந்த மனுசன் எழுத மாட்டேன்னு சொல்றாரு. இதுக்கு முன்னாடியும் மூணு தடவை சொல்லிருக்காரு."

நான் திரும்பிப் பேச முடியாது. திரும்பினால் கால்கள் குழம்பிவிடும். யோசித்துப் பார்த்தேன். படிக்கிற காலத்துப் பெரிய பரீட்சைகள் முடிந்த பிறகு நான் மாதாவைத் தனிப்பட்ட முறையில் கூப்பிட்டதில்லை.

"மாதாவே" என்றேன் நானும். "மாட்டேன்னு எழுத வேணாம்னு அவகிட்டச் சொல்லுங்க."

பின்னாலிருந்து கேள்வி வந்தது.

"மாதாவே, ஏன்னு கேளுங்க."

"மாதாவே, அவ அந்த நாற்காலியில உக்காந்தா ஒரு ஸ்கூலு உருப்படும். இங்கயே இருந்தா நான் எழுதுறதுல பிழை பாத்தே ரிட்டையர் ஆயிருவா."

"மாதாவே, இதுவும் ஜோக்குதான்."

"ஆமா மாதாவே. எனக்கு வேற மாதிரி பேச வரல. உண்மையையும் இப்பிடித்தான் சொல்ல வருது. அதுக்கு நான் என்ன செய்யட்டும்?"

மல்லிகை மூட்டைகள் ஏற்றிய வேன் ஒன்று எங்களை முந்திப்போனது. அதன் வாசம் சாலையில் வெகுதூரம் கிடந்தது. அதைக் கடந்ததும் ரீட்டா தொடங்கினாள்.

"மாதாவே, எழுதட்டும். எழுதலேன்னா இவரு வீட்டுக்குள்ள குறுக்கயும் நெடுக்கயும் நடந்தே என்னைக் கொன்னுருவாரு. ஆனா என்னைப் பத்தின்னா நான் பாத்துத் திருத்துனதுக்கு அப்புறந்தான் போகணும். சிவப்புப் பேனா எங்கிட்ட இருக்கு."

"மாதாவே, அவ எம்புட்டு வரியை அடிப்பான்னு கேளுங்க."

"மாதாவே, ரோட்டைப் பாக்கச் சொல்லுங்க. ஸ்பீடு பிரேக்கரு."

ஷோரூம் வாசலில் கவிதா காத்திருந்தார். "எப்படி சார் இருக்கு?"

"சத்தம் கம்மி" என்றேன்.

"பழக்கமாயிரும் சார். வேணும்னா வேற சைலன்சர் மாட்டிக்கலாம். நிறைய பேர் மாட்டுறாங்க."

"வேண்டாம்மா" என்றோம் இருவரும்.

பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தேன். தள்ளிக்கொண்டு போனார்கள். கண் கலங்கும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். கலங்கவில்லை. முட்டிதான் வலித்தது.

திங்கட்கிழமை ரீட்டா சிஸ்டரிடம் ஏதோ எழுதிக் கொடுத்தாள். என்ன எழுதினாள் என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த மாதம் முதல் தேதி விடிந்ததும், "வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு நேரமாச்சு, என்னை பஸ் ஸ்டாண்டுல விடுங்க" என்றாள். அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த அத்தியாயத்தை எழுதி முடித்து அவளிடம் கொடுத்தேன். ஒருநாள் வைத்திருந்து திருப்பித் தந்தாள். ஸ்டாஃப் ரூம் பகுதியை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன், அப்படியே விட்டிருந்தாள். டீக்கடையில் நான் உளறியதையும் தொடவில்லை. தூணைக்கூட விட்டுவிட்டாள். அடித்திருந்தது ஒரே ஒரு பத்தியை. கடைசிப் பத்தி. அதில் எட்டு வரிகளுக்கு அவளைப் பாராட்டி, ஜோக்கே இல்லாமல் எழுதியிருந்தேன். குறுக்கே நீளமாக ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில் அவளுடைய டீச்சர் கையெழுத்தில் குறிப்பு:

"இது வாசகர்களுக்கு வேண்டாம். வண்டியில் சொல்லுங்கள்."